கணக்கில் வராதவர்கள்

கடல் கடந்து போயாவது பொருள் தேடச் சொன்னாள் ஔவை. தேடிய பொருளை எங்கே, யார் பெயரில் வைப்பது என்று அவள் சொல்லவில்லை. அவள் காலத்தில் அதற்கு அவசியம் இருந்திருக்காது. அதற்குப் பிறகு எத்தனையோ நூற்றாண்டுகளாகத் தமிழன் கடல் கடந்து கொண்டேயிருக்கிறான். மிச்சத்தைச் சொல்ல வேண்டிய நாம்தான் இன்னும் வாயைத் திறக்கவில்லை.

நான் சொல்ல வருவதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கூலி வேலைக்கு வெளிநாடு போகிறவனுக்கு, போன இடத்தில், அவனுடைய சொந்தப் பெயரில் ஒரு பாங்கிக் கணக்கு இருந்தாக வேண்டும். வேலை ஒப்பந்தத்தில் அந்த உறுதி இல்லாமல் ஒருவனை விமானம் ஏற்றுவது குற்றமென்று சட்டம் சொல்ல வேண்டும். இதைக் கேட்டுச் சிலர் சிரிக்கலாம். "சோற்றுக்கு வழி தேடிப் போகிறவனுக்குப் பாங்கிக் கணக்கு ஒரு கேடா?" என்று கேட்கலாம். சிரிப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன்.

இந்த விஷயத்தைப் பேசத் தூத்துக்குடிக்குத் தனி உரிமை உண்டு. 1914இல் தனுஷ்கோடி – தலைமன்னார் வழி திறக்கிற வரையில், போட் மெயில் வந்து நின்றது எங்கள் ஊரில்தான். கொழும்புக்குக் கப்பல் ஏறியதும் இங்கேதான். அந்தக் கப்பல் வெள்ளைக்காரனுடையதாகவே இருக்கக் கூடாது என்று 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கி, அதற்காகச் செக்கிழுத்த மனிதர் வ.உ.சி. கப்பலுக்காக ஒருவர் சிறைக்குப் போனார். கப்பலில் போன கூலிக்காரனுடைய சம்பளக் கணக்குக்காக யாரும் சிறைக்குப் போகவில்லை. மனுக்கூடப் போட்டதாகத் தெரியவில்லை.

இலங்கைத் தோட்டத்துக்குப் போனவனுக்கும் ஒரு கணக்கு இருக்கத்தான் செய்தது. அது கங்காணியின் கணக்கு. வழிச்செலவு, அரிசி, கம்பளி என்று அவன் தலையில் ஏறிய கடனெல்லாம் அதில் இருந்தது. ஒரு தோட்டத்திலிருந்து இன்னொரு தோட்டத்துக்கு ஆட்கள் மாறும்போது, 'இன்ன தொகையைக் கட்டினால் இந்த ஆட்களை விட்டுவிடுகிறேன்' என்று துரை ஒரு சீட்டு எழுதிக் கொடுப்பான். அதற்குத் துண்டு என்று பெயர். உழைத்தவன் எவ்வளவு சம்பாதித்தான் என்று அந்தத் துண்டில் பார்க்க முடியாது; அவன் எவ்வளவு கடன்பட்டிருக்கிறான் என்றுதான் பார்க்கலாம். 1921இல் இலங்கை அரசாங்கம் சட்டம் போட்டுத் துண்டு முறையை ஒழித்தது.

அதே 1921இல் தூத்துக்குடியில் நாடார் பாங்கி பிறந்தது. இன்று தமிழ்நாடு மெர்க்கன்டைல் பாங்க் என்கிறோமே, அதுதான். 1932இல் இந்தியன் பாங்க் கொழும்பில் கிளை திறந்தது. 1937இல் மு.சித.மு. சிதம்பரம் செட்டியார் இந்தியன் ஓவர்ஸீஸ் பாங்கைத் தொடங்கியபோது, காரைக்குடியிலும் சென்னையிலும் ரங்கூனிலும் ஒரே நாளில் கதவைத் திறந்தார். தமிழனுக்குப் பாங்கி நடத்தத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாது. கடல் கடந்தும் நடத்தினான். ஆனால் அந்தப் பாங்கிகள் கடல் கடந்து போனது வியாபாரியின் பின்னால். கூலியின் பின்னால் போனது கங்காணி. இரண்டு பேரும் ஒரே கப்பலில் போனார்கள் என்பதுதான் வேடிக்கை.

கணக்கு எவன் பெயரில் இருக்கிறது என்பது எவ்வளவு பெரிய விஷயமென்று 1964 நமக்குக் காட்டியது. அந்த வருஷம் மே மாதத்தில் பர்மா அரசாங்கம் ஐம்பது, நூறு க்யாட் நோட்டுக்கள் செல்லாது என்று அறிவித்தது. கையில் நோட்டாக வைத்திருந்தவன் கையில் காகிதம் மிஞ்சியது. அதே வருஷம் அக்டோபரில் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. இலங்கையிலிருந்து வருகிற தொழிலாளி தன் சேமநல நிதியையும் பணிக்கொடையையும் சேர்த்துத் தன் சொத்தைக் கொண்டுவரலாம் என்று அதில் எழுதினார்கள். ஒரு குடும்பம் கொண்டுவரக்கூடிய தொகையின் உச்சவரம்பை 4,000 ரூபாய்க்குக் கீழே இறக்கக் கூடாது என்றும் எழுதினார்கள். சேமநல நிதியைக் கேட்டு வாங்க முடிந்தது ஏன்? அது அவன் பெயரில், எண் போட்டு, ஓர் ஏட்டில் பதிவாகியிருந்தது. ஊமைக்கும் வாய் தருகிற சக்தி ஒரு பதிவுக்கு உண்டு. அந்த ஒப்பந்தத்தை நான் கொண்டாடவில்லை. பிறந்த மண்ணிலிருந்து மனிதர்களைப் பங்கு பிரித்த ஒப்பந்தம் அது. ஆனாலும் எழுதப்பட்ட காசைப் பற்றித்தான் இரண்டு அரசாங்கங்கள் உட்கார்ந்து பேச முடிந்தது.

இது பழங்கதை என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். இன்றைய கதை அதைவிடப் பழையது.

எங்கள் கரையின் முத்துக்குளிப்பு 1961உடன் நின்றுபோயிற்று. அந்தக் காலத்துச் சலாபத்தில் குளியாளுக்குக் கூலி கிடையாது, பங்குதான். எடுத்த சிப்பியில் மூன்றில் ஒரு பங்கு அவனுக்கு. முத்து இருந்தால் அவன் அதிர்ஷ்டம். வெறும் சிப்பியானால் அவன் தலையெழுத்து. ஆனால் அந்தப் பங்கு அவன் கண்முன்னாலேயே, கரையிலேயே பிரிந்தது. அவன் அதை மடியில் கட்டிக்கொண்டு போய் ஏலம் கூறலாம்.

இன்று அந்தக் குளியாளின் பேரன்மார் வளைகுடா நாடுகளில் அரபியின் படகில் மீன் பிடிக்கிறார்கள். அங்கேயும் பங்குதான். பிடித்த மீனை விற்ற பணத்தில் டீசல், ஐஸ், சாப்பாடு எல்லாவற்றையும் கழித்து, மிச்சத்தில் பங்கு. வித்தியாசம் ஒன்றே ஒன்று: மீனை விற்பதும், கழிப்பதும், மிச்சத்தைச் சொல்வதும் ஒரே ஆள். வீரபாண்டியன்பட்டினத்துக்கும் மணப்பாட்டுக்கும் நடுவில் ஒரு கரையில், விடுமுறைக்கு வந்திருந்த ஒருவரிடம், "அங்கே உங்களுக்குப் பாங்கியில் கணக்கு உண்டா?" என்று கேட்டேன்.

"கணக்கா? எங்க கணக்கெல்லாம் மொதலாளி நோட்டுல கெடக்கு, அண்ணாச்சி. அரபியில எழுதியிருக்கும். நாம என்னத்தக் கண்டோம்?" என்றார்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குத்தான் அந்தத் துண்டுச் சீட்டு ஞாபகம் வந்தது.

அரபு நாடுகள் ஒன்றுமே செய்யவில்லை என்று நான் சொல்லவில்லை. ஐக்கிய அரபு அமீரகம் 2009இல் ஊதியப் பாதுகாப்பு முறை என்று ஒன்றைக் கொண்டுவந்தது. சம்பளத்தைக் கையில் கொடுக்காமல், பாங்கி வழியாகவோ பணமாற்றுக் கடை வழியாகவோ கொடுக்க வேண்டும். கொடுத்தது அரசாங்கத்தின் கண்ணில் பட வேண்டும். ஸவூதி அரேபியா 2013இலும் கத்தார் 2015இலும் அதே வழியில் போயின. நல்ல ஏற்பாடு. கட்டட வேலைக்காரனுக்கும் துப்புரவுக்காரனுக்கும் மாதச் சம்பளம் வந்ததா இல்லையா என்று கேட்க ஓர் ஆதாரம் கிடைத்தது.

ஆனால் 2022இல் அமீரகத் தொழில் அமைச்சு வெளியிட்ட தீர்மானத்தில், இந்த முறையிலிருந்து விலக்குப் பெற்றவர்களின் பட்டியல் இருக்கிறது. குடிமக்களுக்குச் சொந்தமான வாடகைக் கார்கள், பாங்கிகள், வழிபாட்டுத் தலங்கள் – இவற்றோடு, குடிமக்களுக்குச் சொந்தமான மீன்பிடிப் படகுகள்! உலகத்தில் எத்தனையோ தொழில் இருக்க, எங்கள் கரைக்காரன் போய்ச் செய்கிற தொழிலைத் தேடிப்பிடித்து வெளியே நிறுத்தியிருக்கிறார்கள். கோவிலுக்கும் பாங்கிக்கும் விலக்குக் கொடுத்ததற்கு ஏதாவது நியாயம் இருக்கும். கடலில் ராப்பகலாகக் கிடக்கிறவனுக்குக் கூலி வந்ததா என்று பார்க்க வேண்டாம் என்பதற்கு என்ன நியாயம்?

சரி, விலக்கு இல்லாதவனுக்காவது கணக்குக் கிடைக்கிறதா? அங்கே பல பாங்கிகளில் 5,000 திர்ஹம் சம்பளம், அல்லது 3,000 திர்ஹம் எப்போதும் இருப்பு என்பது பழகிப்போன நிபந்தனை. ஆயிரமோ ஆயிரத்து ஐந்நூறோ சம்பளம் வாங்குகிறவன் அந்தக் கண்ணாடிக் கதவுக்கு உள்ளே போய் என்ன செய்வான்? குளிர்ந்த காற்று வாங்கிவிட்டு வரலாம். அவனுக்கு ஒரு சம்பள அட்டை கொடுக்கிறார்கள். மாதம் பிறந்தால் அதில் காசு விழும்; இயந்திரத்தில் செருகி எடுத்துக்கொள்ளலாம். அது கணக்கல்ல, முதலாளி செய்து கொடுத்த ஏற்பாடு. கையில் வாங்குவதைவிட மேல் என்பதில் சந்தேகமில்லை. ஆனால் 'எனக்கு அந்தப் பாங்கியில் கணக்கிருக்கிறது' என்று அந்த அட்டையை வைத்துக்கொண்டு ஒருவன் சொல்ல முடியாது.

பாங்கிக்காரர்கள் இதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். "கறுப்புப் பணமும் பயங்கரவாதிகளும் உலவுகிற உலகம். வாடிக்கையாளர் யாரென்று தெரியாமல் நாங்கள் கணக்குத் திறக்க முடியாது" என்கிறார்கள். யாரைத் தெரியாது? வளைகுடாவுக்குப் போகிற தொழிலாளியைப் போல நன்றாகத் தெரிந்த மனிதன் இந்த உலகத்திலேயே கிடையாது. புறப்படும் முன் அவன் ரத்தத்தை எடுத்துச் சோதித்தார்கள். மார்பைப் படம் பிடித்து, காச நோய் இல்லை என்று எழுதிக் கொண்டார்கள். போய் இறங்கியதும் விரல் ரேகையைப் பதிந்து அடையாள அட்டை கொடுத்தார்கள். அவன் எந்த அறையில் தூங்குகிறான், எந்த முதலாளியின் பொறுப்பில் இருக்கிறான் என்பது அரசாங்கத்துக்குத் தெரியும். அவனுடைய நுரையீரலின் உட்புறம் வரையில் தெரிந்துகொண்ட பிறகு, 'உன்னை யாரென்று தெரியாது' என்று ஒரு குமாஸ்தா சொன்னால், அதை நான் எச்சரிக்கை என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். 'உன்னால் எனக்கு லாபமில்லை' என்பதைத்தான் மரியாதையான பாஷையில் சொல்கிறார்.

முடியாத காரியம் ஒன்றுமில்லை. சிங்கப்பூரில், 2020இல் கொரோனாத் தொற்று தொழிலாளர் விடுதிகளில் பரவியபோது, விடுதியில் இருக்கிறவர்களுக்குச் சம்பளத்தை மின்வழியிலேயே செலுத்த வேண்டும் என்று அரசாங்கம் உத்தரவிட்டது. விடுதிகளை மூடிவிட்டதால் ரொக்கத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க வழியில்லை. உடனே தொழிலாளிகளுக்குக் கணக்குகள் திறக்கப்பட்டன. நோய் வந்தபோது திறந்த கதவு, நோய்க்கு முன்னாலும் திறந்திருக்கக் கூடியதுதானே? அரசாங்கம் நினைத்தால் நடக்கும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அதே கொரோனாக் காலத்தில் எங்கள் துறைமுகத்தில் நடந்ததும் எனக்கு மறக்கவில்லை. 2020 ஜூலை 1ஆம் தேதி, கடற்படையின் ஜலாஷ்வா கப்பல் ஈரானிலிருந்து 687 பேரை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடியில் வந்து நின்றது. அவர்களில் மீனவர்கள் ஏராளம். பங்கு முறையில் வேலை செய்தவனுக்கு, படகு கடலுக்குப் போகாத மாதங்களில் கூலி ஏது? வர வேண்டிய பழைய பாக்கியைக் கேட்கக் கையில் சீட்டு ஏது? ஈரானில் இருந்தவனுக்கு இன்னொரு கஷ்டமும் உண்டு. பொருளாதாரத் தடைகள் காரணமாக அந்த நாட்டுப் பாங்கிகள் பலவற்றை 2012இலும் மறுபடி 2018இலும் உலகப் பாங்கிகளின் செய்தித் தொடர்பிலிருந்து துண்டித்துவிட்டார்கள். அவன் சம்பாதித்ததை நேர்வழியில் ஊருக்கு அனுப்பவே பாதை கிடையாது. வாஷிங்டனிலும் டெஹ்ரானிலும் பெரிய மனிதர்கள் போடுகிற சண்டைக்கு, வலை இழுக்கிற கை அபராதம் கட்டியது. கப்பலை அனுப்பி ஆளை மீட்டது அரசாங்கம். அதற்கு நன்றி சொல்ல வேண்டும். அவன் உழைப்பை மீட்கக் கப்பல் கிடையாது. அதற்குக் காகிதம் வேண்டும்.

இந்த இடத்தில் நமக்குள்ளேயே ஒரு கட்சி எழுந்து நிற்கும். "உண்டியல் இருக்கும்போது பாங்கி எதற்கு? அங்கே காசைக் கொடுத்தால், மறுநாள் இங்கே வீட்டு வாசலில் ஆள் வந்து நிற்கிறான். படிவமில்லை, கையெழுத்தில்லை, வரிசையில்லை" என்பார்கள். உண்மைதான். ஆறு படிவமும் நான்கு கையெழுத்தும் கேட்கிற பாங்கியைவிட, பெயரைக் கேட்டு மரியாதையாகப் பணத்தைக் கொடுத்துவிட்டுப் போகிற உண்டியல்காரன் எங்கள் கரையில் நல்ல பெயர் வாங்கியிருக்கிறான் என்றால், வெட்கப்பட வேண்டியது பாங்கிதான். ஆனாலும் உண்டியல் சட்டவிரோதம் என்பதோடு, அதன் சௌகரியமே அதன் நஞ்சாகவும் இருக்கிறது. அது எந்தத் தடத்தையும் விட்டு வைப்பதில்லை. பத்து வருஷம் உண்டியலில் அனுப்பியவன், பத்து வருஷம் வேலை செய்ததற்கு அத்தாட்சி கேட்டால் எதைக் காட்டுவான்? வீடு கட்டக் கடன் கேட்டுப் போனால் அவன் வருமானம் இல்லாதவன். சம்பள பாக்கி என்று வழக்குப் போட்டால் அவன் சாட்சி இல்லாதவன். கடலிலேயே இறந்துபோனால், அவனுக்கு என்ன வர வேண்டியிருந்தது என்று கேட்க அவன் மனைவிக்கு ஒரு வரி எழுத்து கிடையாது.

இன்னொரு கட்சி நம் வீட்டுத் திண்ணைக் கட்சி. "கணக்கைத் திறந்து கொடுத்தால் காசை அங்கேயே வைத்துக்கொண்டு குடித்து அழிப்பான், கையில் கொடுத்தால்தான் ஊருக்கு அனுப்புவான்" என்று சொல்கிறார்கள். அமெரிக்காவுக்குப் போன தன் பிள்ளையைப் பற்றி இவர்கள் இப்படிப் பேசிக் கேட்டதில்லை. அவன் போய் இறங்கி உத்தியோகத்தில் சேர்ந்ததும் கணக்கு, கடன் அட்டை, காருக்குக் கடன் எல்லாம் வரிசையாக வரும்; 'பையன் அங்கே செட்டில் ஆகிவிட்டான்' என்று நாம் பூரித்துப் போவோம். கதை எழுதுகிற எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வளைகுடாவிலிருந்து திரும்பி வருகிறவனை எங்கள் கதைகளில் அத்தர் மணத்தோடும் கனத்த பெட்டியோடும் ஒரு வேடிக்கைப் பாத்திரமாக இறக்கிவிடுகிறோம். பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கிற நமக்கு, அதற்குள் எது இல்லை என்று பார்க்கத் தோன்றவில்லை.

வெளிநாட்டைச் சொன்னேன், உள்நாட்டைச் சொல்லாமல் விட்டால் பாரபட்சம். வெளிநாட்டில் வேலைக்குப் போகிறவன் இங்கே வைத்திருக்கும் சாதாரண சேமிப்புக் கணக்கை என்.ஆர்.ஓ. கணக்காக மாற்றிக்கொள்ள வேண்டும் என்பது நம் விதி. எத்தனை தொழிலாளிக்கு இது தெரியும்? விஷயம் தெரிந்து மாற்றிக்கொண்டவனுக்குக் கிடைக்கிற பரிசைக் கேளுங்கள். அந்தக் கணக்கின் வட்டியில் முதல் ரூபாயிலிருந்தே 30 சதவீதமும் அதன்மேல் தீர்வையும் வரியாகப் பிடித்துக்கொள்கிறார்கள். ஊரில் இருக்கிறவன் 'எனக்கு வரி கட்டுகிற அளவு வருமானம் இல்லை' என்று ஒரு படிவம் எழுதிக் கொடுத்து வரிப்பிடித்தத்தைத் தவிர்க்கலாம். கடல் கடந்து போனவனுக்கு அந்தப் படிவம் கிடையாது. பிடித்ததைத் திரும்ப வாங்க அவன் வருமான வரிக் கணக்குத் தாக்கல் செய்ய வேண்டும். அரபிக்கடலில் வலை போட்டுக்கொண்டே செய்ய வேண்டும்! 1970இல் ஏற்பட்ட என்.ஆர்.ஈ. கணக்கில் வட்டிக்கு வரி கிடையாது. வெளிநாட்டில் சம்பாதித்ததை அனுப்ப அதுதான் சரியான கணக்கு. ஆனால் அதைத் திறக்கப் போனால் வெளிநாட்டு முகவரிக்கு அத்தாட்சி கேட்பார்கள். படகிலும் பத்துப் பேர் படுக்கிற அறையிலும் வசிப்பவன் எந்த மின்சார பில்லைக் கொண்டுவந்து காட்டுவான்?

இதற்கெல்லாம் புதிதாக ஒரு மகாசபை கூட்ட வேண்டியதில்லை. வழி நம் கையிலேயே இருக்கிறது. 1983ஆம் வருஷத்துக் குடியேற்றச் சட்டத்தின்படி, குறைந்த படிப்புள்ள தொழிலாளி குறிப்பிட்ட சில நாடுகளுக்குப் போவதற்கு முன் அரசாங்கத்தின் அனுமதி பெற வேண்டும். அந்த அனுமதி வேண்டுமானால் 10 லட்ச ரூபாய்க்கு இன்ஷூரன்ஸ் எடுத்தாக வேண்டும் என்று விதி செய்தார்கள். எல்லோரும் எடுக்கிறார்கள். செத்தால் கிடைக்கிற பணத்துக்குக் கட்டாயம் போட முடிந்தது. உயிரோடு உழைத்துச் சம்பாதிக்கிற பணத்துக்கு ஒரு கட்டாயம் போட முடியாதா? அதே மேஜையில், அதே நாளில், அந்த அனுமதிச் சீட்டையே அத்தாட்சியாக வைத்துக்கொண்டு ஒரு என்.ஆர்.ஈ. கணக்குத் திறந்து கொடுங்கள். போய்ச் சேர்ந்து அடையாள அட்டை வாங்கிய ஒரு மாதத்துக்குள், தொழிலாளியின் பெயரில் அங்கே கணக்குத் திறந்து கொடுப்பேன் என்று முதலாளியிடம் ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். பங்குக்கு வேலை செய்கிறவனானால், விற்ற தொகை, கழித்த தொகை, அவன் பங்கு மூன்றும் அவனுக்குப் புரிகிற மொழியில் எழுதி, பங்கு கணக்கில் ஏற வேண்டும். மீன்பிடிப் படகுக்குக் கொடுத்த விலக்கை நீக்கும்படி நம் தூதரகம் அமீரகத்திடம் கேட்கட்டும். எண்ணெய் வாங்கவும் துறைமுகம் கட்டவும் ராஜாங்கத்தோடு ராஜாங்கம் பேசத் தெரிந்தவர்களுக்கு இதையும் பேசத் தெரியும்.

தூத்துக்குடியில் பிறந்து நூறு வருஷம் தாண்டிய பாங்கி இருக்கிறது. காரைக்குடியில் கதவு திறந்த அன்றே ரங்கூனிலும் திறந்த பாங்கி இருக்கிறது. வியாபாரியின் பின்னால் கடல் தாண்டத் தெரிந்த இந்த நிறுவனங்கள் ஒரு தடவை வலைக்காரனின் பின்னாலும் போகட்டும். மணப்பாட்டிலும் வீரபாண்டியன்பட்டினத்திலும் காயல்பட்டினத்திலும் ஒரு மேஜையைப் போட்டு உட்காரட்டும். வருகிறவனுக்கு அரபியும் தெரியாது, இங்கிலீஷும் தெரியாது. தன் பெயரை எழுதத் தெரியும். கணக்குப் புத்தகத்தின் முதல் பக்கத்துக்கு அது போதும்.